ஆவாரம்பூ யாருக்கு? ஆவாரம்பட்டை யாருக்கு?

1

மனுச உடம்பின் மேல் இருப்பதும் தோல்தான். செத்த மாட்டின் மேலிருந்து உரித்தெடுப்பதும் தோல்தான். இங்கிலீஷில் இதற்கு ஸ்கின், ஹைட், லெதர் என்று தனித்தனிச் சொற்கள் உண்டு. தமிழுக்கு ஒரே சொல் போதுமாக இருந்திருக்கிறது. மொழி பிரிக்காத இடத்தில் சாதி பிரித்தது. ஒரு தோலைப் பேணுகிறவர் வைத்தியர், திண்ணையில் உட்காரத் தகுந்தவர். இன்னொரு தோலைப் பதப்படுத்துகிறவர் தெருவுக்குள் வரக் கூடாதவர். இரண்டு வேலைக்கும் ஒரே செடியும் ஒரே காயும் ஒரே துவர்ப்பும் பயன்பட்டன என்பதை மட்டும் யாரும் பேசுவதில்லை.

இன்று மூலிகை அழகுப் பொருள்களுக்குப் பெரிய சந்தை இருக்கிறது. குளியல் பொடி, மூலிகைச் சோப்பு, முகப்பூச்சு என்று டப்பா டப்பாவாக வருகிறது. ‘நம் முன்னோர் தந்த அறிவு’ என்று அதன் மேல் அச்சடித்திருக்கிறார்கள். எந்த முன்னோர்? யாருடைய பாட்டி? இந்தக் கேள்விக்கு டப்பாவில் பதில் இல்லை. தேனி வட்டாரத்திலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் எங்காளுகளிடம் கேட்டுத் திரிந்ததையும், படித்ததையும் சேர்த்து வைத்து அந்தப் பதிலைத் தேடிப் பார்க்கிறேன்.

2

ஆவாரையிலிருந்து தொடங்குவோம். ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டி மேற்கே வந்தால் கண்டமனூர் வரைக்கும் கரட்டுக்காடு. யாரும் விதைக்காமல், யாரும் தண்ணி ஊற்றாமல் ஆவாரை மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும். ஆடுமாடு அதிகம் வாய் வைக்காது. பொங்கலுக்கு முந்தின நாள் காப்புக் கட்டும்போது வேப்பிலை, பூளைப்பூவோடு ஆவாரம்பூவும் கூரையில் ஏறும். ஆவாரை பூத்திருக்கிற ஊரில் சாவுக்கு வேலையில்லை என்கிற பொருளில் ஒரு சொலவடையும் உண்டு. பூவை நிழலில் உலர்த்திப் பாசிப்பயறோடு சேர்த்து இடித்தால் உடம்புக்குத் தேய்க்கும் பொடி. நாற்றம் போகும், அரிப்பு அடங்கும், மேனி மினுங்கும். இதுவரைக்கும் எல்லாச் சாதிக்காரரும் ஒத்துக்கொள்வார்கள்.

அதே செடியின் பட்டையைப் பற்றிக் கேட்டால் பேச்சு நின்றுவிடும். ஆவாரம்பட்டைதான் தென்னிந்தியத் தோல் தொழிலின் உயிர். பட்டையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு டானின் என்கிற துவர்ச்சத்து. பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணியில் ஊறப்போட்டு, மயிரையும் ஒட்டியிருக்கிற சதையையும் சுரண்டி, சுண்ணாம்பு போக அலசி எடுப்பார்கள். பிறகு இடித்த ஆவாரம்பட்டை ஊறிய தண்ணியில் நாள் கணக்கில் போட்டு வைப்பார்கள். கிராமத்து முறை ஒன்று உண்டு: தோலையே பை மாதிரி தைத்து, உள்ளே பட்டையும் தண்ணியும் நிரப்பி, மரக்கிளையில் கட்டித் தொங்கவிடுவது. தண்ணி சொட்டச் சொட்ட மேலே ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பல நாள் கழித்து அழுகுகிற தோல் அழுகாத தோலாக மாறி இறங்கும்.

அந்தத் தோல் எங்கே போனது? கமலை இறைக்கிற தோல்வாலுக்குப் போனது. மாட்டுக்கு வாராக, காலுக்குச் செருப்பாகப் போனது. பம்புசெட்டு வருவதற்கு முன்னால் இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் ஏறிய ஒவ்வொரு சால் தண்ணியும் எங்கள் தாத்தன் பூட்டன் பதப்படுத்திய தோல் வழியாகத்தான் ஏறியது. தோலைக் கொடுத்தவரைத் தொட மாட்டார்கள். தோல் வழியாக வந்த தண்ணியில் விளைந்ததைச் சாப்பிடுவார்கள்.

19ஆம் நூற்றாண்டில் இது உலக வணிகமாயிற்று. சென்னை, வேலூர், திருச்சி, திண்டுக்கல் ஊர்களில் தோல் கிடங்குகள் எழும்பின. ஆவாரம்பட்டையில் பதப்படுத்திய சென்னை மாகாணத் தோல் லண்டன் சந்தைக்குப் போனது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாயின் பூட்ஸுக்கு மேல்தோலாகவும் போனது. ஆவாரையில் பதனிட்ட தோல் வெளிர் நிறமாக இருக்கும், ஆனால் வெளிச்சம் பட்டால் சிவந்துவிடும். அதைத் தடுக்கக் கடைசியில் கடுக்காய்த் தண்ணியில் ஒரு முறை முக்கி எடுப்பார்கள். இந்த நுணுக்கத்தைக் கல்லூரியில் படித்தவர் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. குழிக்குள் இடுப்பளவு தண்ணியில் நின்றவர்கள் கையாலும் கண்ணாலும் நாவாலும் பழகியது அது.

கடுக்காய் என்றதும் வைத்தியம் படித்தவர்களுக்குத் திரிபலா நினைவுக்கு வரும். கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் மூன்றும் துவர்ப்பு. கருவேலம்பட்டை பல்லுக்கு மருந்து. வடக்கே அதே கருவேலம்பட்டைதான் தோல் பதனிடும் சரக்கு. இது தற்செயல் இல்லை. துவர்ப்பு புரதத்தைப் பிடித்து இறுக்கும். கசிகிற புண்ணில் போட்டால் கசிவு நிற்கும். ஈறில் தேய்த்தால் ஈறு கெட்டிப்படும். முகத்தில் பூசினால் தோல் இறுகும். செத்த தோலில் ஏற்றினால் அழுகல் நிற்கும். வேலை ஒன்றுதான், தோல்தான் வேறு. அப்படியானால் துவர்ப்பின் சூட்சுமம் தெரிந்தவர் எல்லாரும் வைத்தியத்தின் ஒரு பாதியைத் தெரிந்தவர்தானே? குழியில் நின்றவருக்கு அந்தப் பட்டத்தை ஏன் தரவில்லை?

எங்கள் தாத்தாவின் உள்ளங்கை கடைசிவரை செம்பழுப்பாகவே இருந்தது. கல்யாண வீட்டில் பந்திக்கு உட்காரும்போது கையை மடித்து வைத்துக்கொள்வார். மருதாணி வைத்துச் சிவந்த கை அழகு, ஆவாரையில் சிவந்த கை இழிவு என்று அவருக்குக் கற்றுக் கொடுத்தது யார்?

20ஆம் நூற்றாண்டில் வாட்டில் மரப்பட்டை வந்தது. 1903க்குப் பிறகு சென்னையில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் குரோம் பதனிடுதலைத் தொடங்கி வைத்தார். இன்று உலகத்தின் பெரும்பகுதித் தோல் குரோம் உப்பில்தான் பதப்படுகிறது. ஆவாரைக் கறை கையைச் சிவக்க வைத்தது. குரோம் உப்பு கையைத் துளைத்துப் புண்ணாக்கும். பாலாற்றுப் பக்கத்துத் தோல் ஆலைக் கழிவு பற்றி உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்புச் சொன்னது. ஆறு கெட்டதைப் பற்றி அப்போது நாடே பேசியது. குழிக்குள் இறங்கியவரின் தோல் கெட்டதைப் பற்றி அந்த அளவுக்குப் பேசவில்லை.

3

அடுத்தது மருதாணி. மேல்சாதி வீட்டில் அது கல்யாணச் செடி. வயலில் வேலை செய்கிற பொம்பளையாளுக்கு அது மருந்துச் செடி.

1895இல் முல்லைப்பெரியாறு அணை திறந்தது. மலையைக் குடைந்து தண்ணி கிழக்கே திரும்பியது. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் ஆயிற்று என்று பாசன அலுவலகக் கணக்குச் சொல்லும். பென்னிகுயிக்குக்குப் பொங்கல் வைக்கிறார்கள், மணிமண்டபம் கட்டியிருக்கிறார்கள். நல்லது. ஆனால் இருபோகம் என்றால் என்ன அர்த்தம்? நாற்றுப் பறிக்கிறவளும் நடவு நடுகிறவளும் களை எடுக்கிறவளும் வருசத்தில் இரண்டு தடவை சேற்றில் நிற்க வேண்டும் என்று அர்த்தம். கணுக்கால் வரைக்கும் சேறு, காலையிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும். கால் விரல் இடுக்கு வெளுத்து, ஊறி, பிளந்து புண்ணாகும். அதுதான் சேற்றுப்புண்.

சேற்றுப்புண்ணுக்கு எந்தப் பண்ணையாரும் வைத்தியம் பார்க்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து காலைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, மருதாணி இலையும் மஞ்சளும் அரைத்து விரல் இடுக்கில் அப்பிக்கொண்டு படுத்தார்கள். சிலர் வேப்பெண்ணெயைச் சூடாக்கித் தடவுவார்கள், சிலர் புங்கெண்ணெய். காலையில் மறுபடி சேறு. “கலியாணத்துக்கு வச்சா கையில வைப்பாக, நாங்க தெனமும் கால்ல வச்சம்” என்று சின்னமனூர்ப் பக்கத்து நடவுக்காரப் பெரியம்மா ஒருவர் என்னிடம் சொன்னார். அந்த ஒரு வரியில் இருக்கிற வரலாறு எந்த அணைக்கட்டு வரலாற்றிலும் இல்லை.

சேற்றோடு கதை முடியவில்லை. திராட்சை வந்தது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மலைக்கு மேலே ஏலத்தோட்டம். கம்பம், கூடலூர், போடிப் பக்கத்திலிருந்து விடியக்கருக்கலில் ஜீப்பில் அடைந்துகொண்டு கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கிக்குப் போகிற பெண்களில் கணிசமானவர்கள் எங்கள் சனங்கள். திராட்சைக்கும் ஏலத்துக்கும் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை அடிப்பார்கள். அதற்கு மேல் பூச்சிமருந்து தனி. கையுறை கிடையாது. கை தடிக்கும், முகம் எரியும், கழுத்து கறுக்கும். வந்தவுடன் சோற்றுக்கற்றாழையைக் கீறிச் சோற்றை ஏழு தடவை அலசித் தடவுகிறார்கள். குப்பைமேனி இலையை உப்போடு கசக்கித் தேய்க்கிறார்கள். மருந்துக்கடையில் கற்றாழைக் களிம்பு வாங்குகிறவர் அழகுக்கு வாங்குகிறார். இவர்கள் மறுநாள் வேலைக்குப் போவதற்காகத் தடவுகிறார்கள். ஒரே கற்றாழை, இரண்டு வர்க்கம்.

இதை ஏன் சொல்கிறேன்? தோல் பராமரிப்பு என்பது பொழுதுபோக்கு இல்லை. உழைக்கிற சனத்துக்கு அது கூலியோடு சம்பந்தப்பட்டது. கால் புண்ணானால் நடவு இல்லை, நடவு இல்லாவிட்டால் சோறு இல்லை. அந்த நெருக்கடியில் சோதித்துச் சோதித்துக் கண்டுபிடித்த அறிவு அது. ஓய்வாக உட்கார்ந்திருந்தவர்கள் தந்த அறிவு இல்லை.

4

மருத்துவர் என்கிற சொல் இன்று டாக்டருக்குரியது. அதே சொல் முடிதிருத்துகிற சாதியின் பெயராகவும் இருக்கிறது. தமிழக அரசின் மிகப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலை எடுத்துப் பாருங்கள்: மருத்துவர், நாவிதர், பிராணோபகாரி. உயிருக்கு உதவுகிறவர் என்பது அந்தக் கடைசிப் பெயரின் பொருள். எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட சாதிகள், பழங்குடிகள் பற்றிய நூலில், அம்பட்டர் சிரைப்பதோடு வைத்தியமும் அறுவையும் செய்வார்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள் பிரசவம் பார்ப்பார்கள் என்று எழுதியிருக்கிறார். கட்டி கீறுவது, புண் கழுவுவது, படை சொறிக்கு எண்ணெய் காய்ச்சுவது எல்லாம் அவர்கள் கைவேலை. உடம்பைத் தொடாமல் வைத்தியம் இல்லை. சீழையும் ரத்தத்தையும் தொட்டால் தீட்டு என்று சாதி சொன்னது. ஆகவே தொட்டுச் செய்கிற வைத்தியம் கீழே தள்ளப்பட்டது. நாடி பிடித்து ஏடு படிக்கிற வைத்தியம் மேலே ஏறிக்கொண்டது.

அந்த மருத்துவர்கள் பட்டியல் சாதி இல்லை. எங்கள் சேரிக்கு அவர்களும் வரமாட்டார்கள். வந்தால் ஊர் அவர்களை விலக்கும். ஆகவே எங்கள் பிள்ளைகளை எங்கள் கிழவிகளே பிறப்பித்தார்கள். பல ஊர்களில் மேல்சாதி வீட்டுப் பிரசவத்துக்கும் இவர்களைத்தான் கூப்பிட்டார்கள். தலைமாட்டில் நிற்க விடாத கையைத் தொப்புள்கொடி அறுக்கக் கூப்பிட்டார்கள். பிள்ளை பிறந்து மூச்சு விடுகிற வரைக்கும் தீட்டு இல்லை, அதற்குப் பிறகு வாசலில் நெல்லை அளந்து போட்டு அனுப்பிவிடுவார்கள்.

பிறந்த பிள்ளையின் தோல் பற்றி அந்தக் கிழவிகளுக்கு இருந்த அறிவு சாதாரணமானது இல்லை. எங்கள் அம்மாச்சி பிரசவம் பார்த்தவர். முதல் மாசம் பிள்ளைக்கு மஞ்சள்கூடப் போட விடமாட்டார். “பச்சத் தோலு, அது சும்மா இருக்கட்டும்” என்பார். பாசிப்பயறை வறுக்காமல் வெயிலில் காயவைத்து, மெல்லிசாக இடித்து, துணியில் சலித்து வைப்பார். பெரியவர்களுக்கு அதிலேயே பூலாங்கிழங்கும் கஸ்தூரி மஞ்சளும் ஆவாரம்பூவும் சேர்ப்பார். தலைக்கு அரப்பு, அதாவது உசிலை இலையை உலர்த்தி இடித்த பொடி. சீயக்காய் மலையிலிருந்து வர வேண்டும், காசு வேண்டும். அரப்பு கரட்டிலேயே கிடக்கும். துணிக்குப் பூந்திக்கொட்டை. நுரைக்கிற சத்து காயிலும் இலையிலும் இருக்கிறது என்று தெரிந்தவருக்குச் சோப்புக்கட்டி எதற்கு?

படைக்கு அவர் செய்த எண்ணெயையும் சொல்லிவிடுகிறேன். வெட்பாலை இலையை இரும்பு படாமல் கையால் கிள்ளி, தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைப்பார். நாள் ஆக ஆக எண்ணெய் ஊதாவாக மாறும். அந்த இலையிலிருந்து முன்பு நீலச்சாயமே எடுத்திருக்கிறார்கள். செதில் செதிலாக உரிகிற தோல் நோய்க்கு இன்று சித்த மருத்துவமனைகளில் கொடுப்பதும் வெட்பாலைத் தைலம்தான். கார்போகரிசியை மட்டும் அவர் எல்லாருக்கும் தரமாட்டார். அதைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்துபோகும் என்பார். அதில் இருக்கிற சொராலென் என்கிற சத்து வெயிலோடு சேர்ந்து தோலைச் சுடும் என்று விஞ்ஞானம் சொல்கிறது. வெண்புள்ளி சிகிச்சையில் அந்தக் குணத்தையே பயன்படுத்துகிறார்கள். அம்மாச்சிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. எது யாருக்கு ஆகாது என்று தெரியும். மருந்து தெரிவது பாதி வைத்தியம், ஆகாதது தெரிவது மீதி வைத்தியம்.

5

அப்படியானால் எழுதினவர்களே நம்மில் இல்லையா? இருந்தார்கள்.

1845இல் பிறந்து 1914இல் மறைந்த அயோத்திதாசப் பண்டிதரை இன்று சிந்தனையாளராக, பௌத்தராக, பத்திரிகையாளராக அறிவோம். அவர் சென்னை இராயப்பேட்டையில் சித்த வைத்தியம் பார்த்துப் பிழைத்தவர் என்பது அடிக்குறிப்பாகவே சொல்லப்படுகிறது. காத்தவராயன் என்கிற தம் பெயரை விட்டு ஆசிரியரின் பெயரான அயோத்திதாசரை ஏற்றுக்கொண்டவர். 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கியவர். ஏடு படிக்கவும் மருந்து செய்யவும் தெரிந்த குடும்பங்கள் பறையர்களுக்குள் இருந்ததற்கு அவரே சாட்சி. பண்டிதர் என்பது அவருக்கு யாரும் போட்ட சால்வை இல்லை. வைத்தியமும் தமிழும் தெரிந்தவரின் தொழிற்பெயர். அவருடைய எழுத்துகள் ஞான. அலாய்சியஸ் தொகுத்து 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து வருகிற வரைக்கும் பெரும்பாலும் மறைந்தே கிடந்தன. நான் எம்.ஏ. தமிழ் படித்த கல்லூரியில் சித்தர் இலக்கியத்துக்கு ஒரு தாள் முழுக்க இருந்தது, அயோத்திதாசருக்கு ஒரு வரி இல்லை.

எங்கள் மண்ணோடு நேரடியாகத் தொடர்புள்ளவர் ஆபிரகாம் பண்டிதர். 1859இல் தென்காசிப் பக்கம் சாம்பவர் வடகரையில் நாடார் குடும்பத்தில் பிறந்தவர். ‘கருணாமிர்த சாகரம்’ எழுதிய இசை அறிஞராகத்தான் பலருக்கும் தெரியும். அந்த இசை ஆராய்ச்சிக்குப் பணம் எங்கிருந்து வந்தது? மருந்திலிருந்து. திண்டுக்கல்லில் ஆசிரியராக இருந்த காலத்தில் சுருளிமலைக்கு வந்து, கருணானந்தர் என்கிற துறவியிடம் மூலிகை மருத்துவம் கற்றார் என்பது அவர் வரலாறு. பிறகு தஞ்சாவூரில் தோட்டம் போட்டு, மூலிகை வளர்த்து, குருவின் பெயரால் கருணானந்தர் சஞ்சீவி மருந்துகள் என்று விற்றார். கம்பம் பள்ளத்தாக்கின் மலையடிவாரத்து அறிவு தஞ்சாவூரில் தொழிலாக மாறியது. 1917இல் வந்த மாபெரும் இசை நூலுக்கு அடியில் சுருளிப் பச்சிலை கிடக்கிறது.

அவர் காலத்தில் நாடார்களுக்குக் கோயில் கதவு மூடியிருந்தது. கமுதிக் கோயிலுக்குள் 1897இல் நுழைந்ததற்காக வழக்கு நடந்து, 1908இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய்த் தோற்றார்கள். கோயிலுக்குள் போக முடியாதவர் செய்த மருந்து கோயிலுக்குள் இருந்தவர் வீட்டுக்கும் போனது. இங்கே கூட்டிச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. ஆபிரகாம் பண்டிதருக்கு எழுத்து இருந்தது, ஆங்கிலம் இருந்தது, தோட்டம் வாங்கப் பணம் சேர்ந்தது. சுருளியிலும் மேகமலையிலும் வருசநாட்டிலும் பச்சிலை பறித்துப் பழகிய பளியர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை. ஆகவே சாமியார் பெயர் நிலைத்தது, பளியர் பெயர் நிலைக்கவில்லை. எந்த இலை எந்தப் பாறை இடுக்கில் எந்த மாசம் துளிர்க்கும் என்று காட்டில் வாழ்கிறவருக்குத்தானே முதலில் தெரியும்?

6

எழுத்து ஏன் இவ்வளவு முக்கியமாகிறது என்பதைச் சட்டத்தில் பார்க்கலாம்.

1921இல் சென்னை அரசு நாட்டு வைத்தியம் பற்றி விசாரிக்க முகமது உஸ்மான் தலைமையில் குழு போட்டது. 1923இல் அறிக்கை வந்தது. அதன் விளைவாகச் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி வந்தது. ஆங்கில மருத்துவத்தின் ஆணவத்துக்கு எதிராக அது தேவையான நகர்வுதான். ஆனால் அதிலிருந்து நாட்டு வைத்தியம் என்றால் நூல், பாடத்திட்டம், சான்றிதழ் என்று ஆகத் தொடங்கியது. 1964இல் பாளையங்கோட்டையில் சித்த மருத்துவக் கல்லூரி வந்தது. அதே வருசம் 1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டம் திருத்தப்பட்டு நாட்டு மருந்துத் தயாரிப்பும் உரிமத்துக்குள் வந்தது. தன் நோயாளிக்குத் தானே மருந்து செய்கிற வைத்தியருக்கு விலக்கு உண்டு. விற்பனைக்கு என்றால் உரிமம் வேண்டும். 1970ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் இடத்தில் வந்த 2020ஆம் ஆண்டுச் சட்டமும் பட்டம், பதிவு என்று கேட்கின்றன. போலி மருந்தைத் தடுக்கச் சட்டம் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. பட்டம் இல்லாத கிழவியின் அறிவைப் பதிந்துகொள்ள அந்தச் சட்டத்தில் என்ன வழி இருக்கிறது என்பதுதான் கேள்வி.

1995இல் அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு, மஞ்சளால் புண்ணை ஆற்றுவதற்குக் காப்புரிமை கொடுத்தார்கள். இந்தியாவின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் எதிர்த்தது. 1997இல் காப்புரிமை ரத்தானது. நாடே கொண்டாடியது. எதை வைத்து ரத்தானது என்று பாருங்கள். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி வெளிநாட்டில் சனங்கள் காலம் காலமாகச் செய்து வருவது சாட்சியாகாது, அச்சில் இருந்தால்தான் சாட்சி. 2013இல்தான் அந்த நிலை மாறியது. ஆகவே பழைய நூல்களையும், 1953இல் இந்திய மருத்துவ இதழ் ஒன்றில் வந்த கட்டுரையையும் கொண்டுபோய்க் காட்டினார்கள். கோடிக்கணக்கான அம்மாமார் புண்ணில் மஞ்சள் அப்பியது கணக்கில் வரவில்லை. வேம்புக்கு ஐரோப்பாவில் 1994இல் கொடுத்த காப்புரிமை 2000இல் ரத்தாகி 2005இல் மேல்முறையீட்டிலும் உறுதியானது. மஞ்சளையும் வேம்பையும் மீட்டது சரி. மீட்டது யாருக்கு?

காணிகளின் கதை இதற்குப் பதில் மாதிரி இருக்கிறது. 1987இல் அகத்தியமலையில் ஆராய்ச்சியாளர்களுக்கு வழிகாட்டிப் போன காணிகள், களைப்பு தெரியாமல் இருக்க ஒரு காயைத் தின்றார்கள். கேட்டபோது காட்டிக் கொடுத்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. திருவனந்தபுரத்தின் வெப்பமண்டலத் தாவரவியல் தோட்ட ஆராய்ச்சி நிறுவனம் அதிலிருந்து ‘ஜீவனி’ மருந்தை உண்டாக்கி, 1995இல் கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மஸிக்கு 10 லட்சம் ரூபாய்க்கும் விற்பனையில் 2 சதவீதத்துக்கும் உரிமம் கொடுத்தது. அதில் பாதி காணிகளுக்கு என்று முடிவாகி, 1997இல் அவர்களுக்கு அறக்கட்டளை அமைந்தது. உலகமே அதை முன்மாதிரி என்றது. தெரிந்துகொண்டது காணிகளிடம், பேரம் பேசியது மற்றவர்கள். பங்கு வந்ததே பெரிசு என்று அவர்கள் நினைக்க வேண்டியிருந்தது.

2002இல் பல்லுயிர்ச் சட்டம் வந்தது. மூலப்பொருளையும் அறிவையும் பயன்படுத்தும் நிறுவனம் உரியவர்களுக்குப் பங்கு தர வேண்டும் என்றது. உள்நாட்டு நிறுவனமும் தர வேண்டும் என்று 2018இல் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் திவ்யா பார்மஸி வழக்கில் தீர்ப்புச் சொன்னது. 2023இல் சட்டத்தைத் திருத்தினார்கள். நூலில் தொகுக்கப்பட்ட மரபறிவைப் பயன்படுத்துகிறவருக்குப் பங்கீட்டிலிருந்து விலக்கு. ஏட்டில் ஏறாத வரைக்கும் நம் அறிவு சாட்சியாகாது. ஏட்டில் ஏறிவிட்டால் பங்கு கிடையாது. இரண்டு பக்கமும் அடி. எழுதாதவனுக்கு எப்போதும் நட்டம் என்கிற இந்தக் கணக்கு மனுநீதி காலத்துக் கணக்குதான், புதுத் தாளில் அச்சாகியிருக்கிறது.

7

காடும் கையை விட்டுப் போயிற்று. 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டத்துக்குப் பிறகு மலை அரசுடையதாயிற்று. சீயக்காய், கடுக்காய், நெல்லி, கல்பாசி, தேன் சேகரிக்கும் உரிமையை ஏலம் விட்டார்கள். ஏலம் எடுத்தவர் கீழ்நாட்டு வியாபாரி. மரத்தில் ஏறினவர் பளியர். கூலி அரிசியாகவும் பழைய துணியாகவும் வந்த காலம் உண்டு. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், மூலிகையும் வேரும் கிழங்கும் உட்பட்ட சிறுவன மகசூல் காட்டில் வாழ்கிறவர்களுக்கே சொந்தம் என்று எழுதியது. மேகமலை வன உயிரினச் சரணாலயமாயிற்று. 2021இல் திருவில்லிபுத்தூர்-மேகமலைப் புலிகள் காப்பகம் வந்தது. புலி வாழட்டும். புலியோடு இத்தனை காலம் வாழ்ந்தவரைச் சீயக்காய் பறிக்க வந்த திருடன் மாதிரி சோதனைச் சாவடியில் நிறுத்தலாமா?

அந்தச் சீயக்காய்தான் அரைத்துப் பொடியாகி, நகரத்துக் கடையில் இயற்கை என்கிற பெயரோடு பல மடங்கு விலைக்கு நிற்கிறது. பக்கத்து அலமாரியில் சிவப்பழகுக் களிம்பு. 1975இல் இந்தியச் சந்தைக்கு வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’, 2020இல் ‘க்ளோ அண்ட் லவ்லி’ என்று பெயரை மாற்றிக்கொண்டது. ஆசை மாறவில்லை. மூலிகைக்காரர்களும் அதே ஆசையைத்தான் கஸ்தூரி மஞ்சளில் கலந்து விற்கிறார்கள். எங்கள் கிழவிகள் தோலை ஆற்றினார்கள், வெளுக்கவில்லை. கறுப்பு நோய் என்று அவர்களுடைய வைத்தியத்தில் எங்கும் இல்லை. வெயிலில் நின்றவரின் கறுப்பை அழுக்கென்று சொல்வது சாதியின் கண். அந்தக் கண்ணுக்கு மருந்து செய்து விற்பது வைத்தியம் ஆகாது.

8

என்ன செய்வது? மகளிர் குழுக்களில் நம் பெண்கள் குளியல் பொடியும் சோப்பும் செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் விற்பனைக்குச் செய்கிற அழகுப் பொருளுக்கும் உரிமம் வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. பல குழுக்களுக்கு அது தெரிவதில்லை, தெரிந்தவர்களுக்குக் கட்டணமும் கட்டிடமும் இல்லை. கடைசியில் பொருள் வேறொருவர் பெயரில் போகிறது. பறிக்கிற கையும் இடிக்கிற கையும் நம்முடையது, பெயர் அவர்களுடையது. தோல் குழியில் நடந்தது மறுபடி நடக்கிறது.

முதல் வேலை, பதிவு. பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு இருக்க வேண்டும். அதில் செடிப் பெயரை மட்டும் எழுதி முடித்துவிடாமல் யாருக்குத் தெரியும், எந்தச் சனத்திடம் இருக்கிறது என்பதையும் எழுதச் சொல்ல வேண்டும். கிராமசபையில் இதைக் கேட்கலாம், கேட்க உரிமை உண்டு. செய்முறை முழுவதையும் கொட்டிவிட வேண்டியதில்லை. உரியவர் சம்மதிக்கிற அளவுக்கு எழுதினால் போதும். இரண்டாவது, வன உரிமைச் சட்டப்படி பளியர்களின் கூட்டு உரிமை மனுக்களுக்கு நாம் துணை நிற்க வேண்டும். தலித்துகளும் பழங்குடிகளும் ஒரே மலையின் அடியிலும் மேலும் இருக்கிறோம். இந்த வேலையில் சேராமல் வேறெதில் சேரப் போகிறோம்? மூன்றாவது, தமிழ் படிக்கிற மாணவர்கள் ஏட்டை மட்டும் தேடிப் போகாமல் நடவுக்காரியிடமும் பிரசவம் பார்த்த கிழவியிடமும் தோல் பதனிட்ட கடைசித் தலைமுறையிடமும் போக வேண்டும். அவர்கள் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களோடு போகிறது திரும்பி வராது.

ஆவாரை இப்போதும் கரட்டில் தானாகப் பூக்கிறது. அதன் பூவுக்கு ஒரு வரலாறு எழுதிவிட்டார்கள். பட்டைக்கு நாம்தான் எழுத வேண்டும்.